எல்லாச் சாவியும் தொலைந்த வண்டி

"ரெண்டுமே போச்சுங்களா அம்மா?" என்று சாவிக்காரன் இம்தியாஸ் மறுபடியும் கேட்டபோது, மாடிப்படியைத் திரும்பிப் பார்க்காமல் இருக்கச் சாந்தாமணி பெரும்பாடு பட்டாள். ரெண்டும்தான் தம்பி என்றாள். ஒன்று ஆயுத பூஜைப் பூவோடு சேர்ந்து பவானி ஆற்றுக்குப் போய்விட்டது, அது நிஜம். இன்னொன்று போன இடம் தெரியவில்லை, அது வடிகட்டின பொய். போன இடம் நன்றாகவே தெரியும். இதே வீட்டில், மாடியில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மாத்திரை போட்டுக்கொண்டு தூங்குகிற அவள் கணவர் குழந்தைவேலுவின் சட்டைப் பையில் இருக்கிறது. சாவிக்காரனோ லேசில் விடுகிற ஆளாக இல்லை. உக்கடத்திலிருந்து வேனில் மிஷினும் லேப்டாப்புமாக வந்து இறங்கியதிலிருந்து கேள்வி மேல் கேள்வி. ஆர்.சி. புக்கில் குழந்தைவேலு என்று இருக்கிறதே, அய்யா எங்கே? அய்யாவுக்கு உடம்பு சரியில்லை, தூங்குகிறார், எழுப்பக் கூடாது. ஆதார் கார்டு? இந்தா. வண்டி உங்களுடையதுதான் என்று அக்கம்பக்கத்தில் யாராவது சொல்வார்களா? எதிர்வீட்டு டாக்டரம்மாவிடம் போய்க் கேட்டுக்கொள். கேட்கட்டும், பாவம். இத்தனை விலையுள்ள ஜெர்மன் வண்டிக்கு யாரோ ஒரு பொம்பளை சொன்னாள் என்று சாவி போட்டுக் கொடுத்துவிட்டு, நாளைக்குப் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் அவனல்லவா நிற்க வேண்டும். அவன் கேட்பது ஞாயம். ஞாயமான ஆளிடம் பொய் சொல்வதுதான் ரொம்பக் கஷ்டம் என்று அறுபத்தொரு வயதில் இன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிகிறது. மணி ரெண்டே கால். நாலு மணிக்கு அவர் எழுந்துவிடுவார். சில நாள் மூன்றரைக்கே எழுந்துவிடுவார். அதற்குள் வேலை முடிய வேண்டும், முடிந்து இவன் வேன் கேட்டைத் தாண்ட வேண்டும், அவள் ஒன்றுமே நடக்காததுபோல அடுப்பில் பாலை வைக்க வேண்டும்.

"அப்ப ஒண்ணு சொல்லிப்போடறனுங்க," என்று இம்தியாஸ் பானட்டைத் தட்டிக்கொண்டே சொன்னான். "ஒரு சாவி கையில இருந்தா அதை வெச்சு இன்னொண்ணு சேத்தறது சுளுவு. ரெண்டும் இல்லீன்னா, எல்லாச் சாவியும் போச்சுன்னு வண்டிகிட்டச் சொல்லித்தான் ஆரம்பிக்கோணும். அது பழசையெல்லாம் மறந்துரும். நாளைக்கே சோபாவுக்கு அடியில பழைய சாவி கெடச்சாலும் இஞ்சின் ஸ்டார்ட் ஆகாதுங்க. அப்பறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது." சொல்ல மாட்டேன் தம்பி என்றாள். சொல்வாளா? அதற்காகத்தானே அவனை வரவழைத்ததே. மறந்துரும் என்று அவன் சாதாரணமாகச் சொன்னது மட்டும் காதில் ஒட்டிக்கொண்டது. டாக்டர் வாயில் நுழையாத ஒரு பேர் சொன்னார், மூளையைப் படம் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். வீட்டில் அதற்கு மறதி என்றுதான் பேர். மறதி யாருக்கு இல்லை? கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடு பூராவும் அவளும்தான் தேடுகிறாள். அவருடையது அந்த மாதிரி இல்லை. மோட்டார் பம்ப் கம்பெனியை விற்று ரெண்டு வருஷம் ஆகிறது, காலையில் குளித்துச் சட்டை போட்டுக்கொண்டு ஷிப்டுக்கு நேரமாச்சு என்கிறார். சாப்பிட்ட இலை ஈரம் காய்வதற்குள் இன்னும் சாப்பாடு போடலையா என்கிறார். அதெல்லாம் போகட்டும், சமாளித்துக்கொள்ளலாம். கை மட்டும் எதையும் மறக்கவில்லை, அதுதான் வினை. டிரைவர் சீட்டில் உட்கார்ந்தால் கண்ணாடியைச் சரிபண்ணுகிறது, பெல்ட்டை இழுத்து மாட்டுகிறது, பட்டனை அழுத்துகிறது, அழகாக வண்டியை எடுத்துவிடுகிறது. தலைதான் பாதி வழியில் எங்கோ இறங்கிக்கொள்கிறது. ஆடி மாசம் அப்படித்தான் கேட்டிலிருந்து ரிவர்ஸ் எடுத்தவர் பிரேக்குக்குப் பதில் எதை மிதித்தாரோ, வண்டி பாய்ந்து போய் எதிர்ச் சுவரோரம் நின்ற இஸ்திரி வண்டியை நெரித்தது. மரம் முறிகிற சத்தம், கரித் தணல் ரோடெல்லாம் சிதறல், யார் வீட்டு வெள்ளை வேட்டியோ புகைகிறது. இஸ்திரிக்காரம்மாவின் பேத்தி தினமும் மத்தியானம் அந்த வண்டிக்கு அடியில் சாக்கு விரித்துத் தூங்கும். அன்றைக்கு அது தீப்பெட்டி வாங்கக் கடைக்குப் போயிருந்தது. தீப்பெட்டி தீராமல் இருந்திருந்தால்? தீப்பெட்டியில் இன்னும் நாலு குச்சி இருந்திருந்தால்? இந்த இடத்துக்கு வந்ததும் சாந்தாமணியின் யோசனை ஒவ்வொரு தடவையும் கல்லில் முட்டின ஏர் மாதிரி நின்றுவிடும். புது இஸ்திரி வண்டி வாங்கிக் கொடுத்தாகிவிட்டது, அந்தப் பிள்ளை இப்போதும் அதன் அடியில்தான் தூங்குகிறது, இரட்டைச் சடை மட்டும் வெளியே தெரியும். அன்றைக்கு இவர் கீழே இறங்கி, வாசலை மறிச்சுட்டு யாரு வண்டிய இங்க நிறுத்துனது என்று சத்தம் போட்டார். சாயங்காலம் அதுவும் ஞாபகம் இல்லை.

இம்தியாஸ் கதவுக் கைப்பிடியின் மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த துளையில் தட்டையாக ஒரு கருவியைச் செருகி, நாடி பார்க்கிற வைத்தியர் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு தடவித் தடவி ஒரு துண்டுக் காகிதத்தில் எண்களை எழுதினான். அந்தப் பள்ளங்களின் கணக்கு இருந்தால்தான் இரும்புச் சாவியை வெட்ட முடியுமாம். "தொறந்ததும் கத்துமுங்க, பயந்துக்காதீங்க." கத்தாமல் பண்ண முடியாதா தம்பி என்றாள். "சாவியில்லாமத் தொறந்தா திருடன்னுதானுங்க அது நெனைக்கும்," என்று சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கதவு திறந்ததும் ஊரைக் கூட்டுகிற மாதிரி ஹாரன் அலறியது, விளக்குகள் எல்லாம் கண்ணைச் சிமிட்டின. அவன் பானட்டைத் தூக்கி எதையோ பிடுங்கினான், சத்தம் நின்றது. மாடியில் அசைவே இல்லை. நல்லது என்றுதான் முதலில் நினைத்தாள். அரை நிமிஷம் போனதும், எப்படி அசைவில்லாமல் இருக்கும் என்று தோன்றியது. இவ்வளவு சத்தத்துக்குப் பிணம்கூட எழுந்து உட்காருமே. நினைத்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டு, புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியேறினாள். முழங்கால் பத்தாம் படியில் வழக்கம்போலக் கத்தியது. அறையில் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. குழந்தைவேலு மல்லாந்து படுத்து, வாய் லேசாகத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். சட்டைப் பை ஏறி இறங்கியது. உயிர் போய் உயிர் வந்தது. அந்தப் பையில்தான் அது இருந்தது, கறுப்பாக, ஒரு முனை மட்டும் எட்டிப் பார்த்துக்கொண்டு, ஆயுத பூஜைச் சந்தனம் இடுக்கில் இன்னும் காய்ந்துபோய் ஒட்டியிருந்தது. இப்படியே எடுத்துவிட்டால் என்ன? இரண்டு விரல் போதுமே. கீழே இறங்கிப் போய், தம்பி ஒரு சாவி கிடைத்துவிட்டது என்று சொல்லிவிடலாம், அவனுக்கும் வேலை சுளுவு. விரலை நீட்டினாள். விரலுக்கும் பைக்கும் நடுவே நாலு அங்குலம் இருக்கும்போதே, தூக்கத்தில் அவர் கை தானாக எழுந்து வந்து பையின் மேல் படுத்துக்கொண்டது. முப்பத்தேழு வருஷமாகப் பார்க்கிற கை, மோதிர விரலில் லேத்து மிஷின் கடித்த தழும்பு. அவள் விரலை இழுத்துக்கொண்டாள். தூங்குகிற மனுசனிடமிருந்து திருடுவது கேவலம், அதே மனுசனுக்குத் தெரியாமல் கம்ப்யூட்டரில் திருடுவது மட்டும் பெரிய யோக்கியமா என்று கேட்டுக்கொண்டே படியிறங்கினாள்.

பூஜையன்றைக்கே சரியாகத் திருடியிருந்தால் இந்தப் பாடு வந்திருக்காது. நான்கு மாதத்தில் அவருடைய சாவி பையை விட்டு வெளியே வந்தது அன்றைக்கு ஒருநாள்தான். ஆயுத பூஜை என்றால் அவருக்குத் தீபாவளியைவிடப் பெரிசு. கம்பெனி போனாலும் ஸ்பேனர், மைக்ரோமீட்டர், பழைய பம்ப் ஒன்று, எல்லாவற்றையும் துடைத்து வைத்து, தாம்பாளத்தில் ரெண்டு கார் சாவியையும் வைத்துச் சந்தனம் குங்குமம் தொட்டார். வலப்பக்கம் அவருடையது. இடப்பக்கம் எப்போதும் கொக்கியில் தொங்குகிற இன்னொரு கார் சாவி, வீட்டுச் சாவி என்று அவள் சொல்வது, டிரைவர் மாரப்பன் எடுப்பது. மறுநாள் காலையில் அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து, வலப்பக்கச் சாவியை எடுத்து, செவ்வந்தி, அருகம்புல், மஞ்சள் பிள்ளையார் எல்லாவற்றோடும் வாழையிலையில் வைத்து மடித்து, மஞ்சப் பையில் போட்டு முடிச்சுப் போட்டாள். பூஜைப் பூவைக் குப்பையில் போடக் கூடாது, சிறுமுகைக்கு லீவில் போகிறாயே, பாலத்திலிருந்து பவானியில் விட்டுடு, பிரிக்காதே மாரப்பா என்றாள். ஆற்றுக்குக் கொடுப்பது திருட்டில் சேராது என்று மனதுக்குள் ஒரு தீர்ப்பும் எழுதிக்கொண்டாள். மாரப்பன் போனான், பஸ் பிடித்தான், பாலத்தில் நின்றான், கும்பிட்டுவிட்டும் போட்டான். எல்லாம் ஒழுங்காக நடந்தது. குளித்துவிட்டு வந்த குழந்தைவேலு தாம்பாளத்தில் மீதி இருந்த சாவியை எடுத்து வேட்டி முனையில் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டார். அவ்வளவுதான் கதை. அவர் சாவி, வீட்டுச் சாவி என்று பேர் வைத்தது இவள், வண்டிக்கு ரெண்டும் ஒன்றே என்று எட்டு வருஷமாகத் தெரிந்த இவளுக்கு அந்த ஒரு காலையில் அது தோன்றவே இல்லை. இத்தனை திட்டம் போட்டு இடுப்பில் சொருகிக்கொள்ள வேண்டியதைத் தட்டிலேயே விட்டுவிட்டுப் பால் பொங்குகிறது என்று ஓடியிருக்கிறாள். இதற்குப் பேர் என்ன, இவளுக்கும் மறதியா? கொக்கியில இருந்தது எங்கே என்று அவர் கேட்டபோது பூவோடு போயிருக்கும்போல என்று விழுங்கி விழுங்கிச் சொன்னாள். அவர் திட்டவில்லை, அதுதான் அவளைக் கொன்றது. போனாப் போகுது சாந்தா, பவானியம்மாளுக்குக் கார் ஓட்ட ஆசை வந்திருச்சாட்ட இருக்குது என்று சிரித்து அவள் தோளைத் தட்டினார். அந்தச் சாயங்காலம் அதே வேடிக்கையை மூன்று தடவை, ஒவ்வொன்றும் முதல் தடவைபோலச் சொன்னார். மூன்று தடவையும் அவள் சிரித்தாள்.

கீழே இம்தியாஸ் வண்டியின் பேட்டரிக்குச் சார்ஜரை மாட்டி, வயரை வரவேற்பறை பிளக்கில் செருகி, ஸ்டியரிங்குக்கு அடியில் லேப்டாப்பை இணைத்து, சீட்டில் ஒரு காலை மடக்கிப் போட்டு உட்கார்ந்திருந்தான். திரையில் ஒரு பச்சைக் கோடு எறும்பு வேகத்தில் நகர்ந்தது. "உள்ள இருக்கறதைப் படிச்சிட்டு இருக்குதுங்க. முப்பத்தஞ்சு நிமிசம் ஆகும். நடுவுல கரண்டு போகாதுங்களே? போச்சுன்னா வண்டி கம்ப்யூட்டரே காலி." போகாது என்றாள், ஏதோ மின்சார வாரியம் அவள் பேச்சைக் கேட்கிற மாதிரி. ஐப்பசி வானம் வேறு மூடிக்கொண்டு வந்தது. மணி மூணு ஆக ஆறு நிமிஷம். எல்லாம் படிக்கிறதாம். எத்தனை தூரம் போனோம், எத்தனை தடவை திடீரென்று பிரேக் போட்டோம், ஒருநாள் அவிநாசி ரோட்டில் சிக்னலில் பச்சை விழுந்தும் எடுக்காமல் உட்கார்ந்துகொண்டு, சாந்தா, இது எந்த ஊரு என்று கேட்டாரே, அதுவும் அதற்குள் எழுதியிருக்குமா? பின்னால் பஸ்காரன் ஹாரனை அமுக்கிப் பிடித்திருந்தான். கோயமுத்தூருங்க என்றாள். கோயமுத்தூரில் பிறந்து கோயமுத்தூரில் பேர் எடுத்த மனுசனிடம் அதைச் சொன்னபோது நாக்கு கூசியது. அவரிடம் கேட்டுவிட்டால் என்ன என்று அப்போதிலிருந்தே நினைக்கிறாள். ஏனுங்க, சாவியைக் குடுங்க, இனி மாரப்பன் ஓட்டட்டும். ஒன்றரை வரி. அதைச் சொல்ல வாய் வரவில்லை. பெரியவரிடமிருந்து, அதாவது மாமனாரிடமிருந்து, கம்பெனிச் சாவியை இவர் கேட்ட நாளை அவள் பார்த்திருக்கிறாள். வயசாச்சுங்கப்பா, நான் பாத்துக்கறேன் என்று மரியாதையாகத்தான் கேட்டார். பெரியவர் அரைஞாணிலிருந்து கொத்தை அவிழ்த்து மூஞ்சியைப் பார்த்து வீசினார். புருவத்தில் மூன்று தையல். அதற்குப் பிறகு சாகிறவரைக்கும் பெரியவர் இவரோடு பேசவில்லை. அதே ரத்தம்தானே இதுவும். கேட்டால் இவரும் வீசுவார், வீசாவிட்டால் பேச்சை நிறுத்துவார், இருக்கிற பேச்சே இன்னும் எத்தனை நாளைக்கோ. சியாட்டிலில் இருக்கிற மகள் ஹேமாவும் போனில் அதையேதான் சொல்கிறாள். அம்மா, அப்பாகிட்ட வாதம் பண்ணாதே, கேக்காதே, சத்தமில்லாமக் காரியத்தை முடி. கேட்காமல் சமாளித்த நாட்கள்தான் எத்தனை. டயர் பஞ்சருங்க. சர்வீஸ்காரங்க எடுக்க வேண்டாம்னாங்க. இன்னிக்கு நாள் நல்லா இல்லீங்க. எனக்குத் தலைசுத்துது, பக்கத்துல உக்காருங்க. தினமும் ஒரு பொய், ஒருநாள் சொன்னது மறுநாளும் செல்லும், அவருக்கு ஞாபகம் இல்லையே. அந்த வசதியை நினைத்தால் அவளுக்கே அவளைப் பிடிக்காமல் போனது.

"அம்மா, அய்யாவுக்கு என்னங்க உடம்புக்கு?" என்று இம்தியாஸ் திரையிலிருந்து கண்ணெடுக்காமல் கேட்டான். சுகருங்களா? ஆமாம் தம்பி, சுகர் என்றாள். அதுவும் உண்டுதான். எங்க அத்தாவுக்கும் இருந்துச்சுங்க, காலை எடுத்தாங்க என்று தன் அப்பாவைச் சொன்னான். அப்படியா என்றாள். காலை எடுக்கும்போது கேட்டுத்தான் எடுத்திருப்பார்கள், கையெழுத்து வாங்கியிருப்பார்கள். எதை எடுப்பதற்கும் ஒரு கையெழுத்து உண்டு. இதற்கு ஆர்.சி. புக்கும் அவள் ஆதாரும் போதும். அவன் வேனுக்குப் போய், எழுதி வைத்த எண்களை ஒரு சின்ன மிஷினில் தட்டி, மொட்டைச் சாவித் தகட்டை இடுக்கிப் பிடிக்கவைத்தான். மிஷின் இரும்பைக் கடிக்க ஆரம்பித்ததும் அவளுக்குப் பல் கூசியது. இந்தச் சத்தம் போதாதா எழுந்திருக்க? லேத்துச் சத்தத்தில் பாதி ஆயுசைக் கழித்தவர், ஒருவேளை இந்தச் சத்தத்தில்தான் நன்றாகத் தூங்குவாரோ என்னமோ. வண்டி வாங்கின புதிதில் பத்து நாள் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவிடவில்லை. மாரப்பன் இருந்தும் இவர்தான் ஓட்டுவார், மாரப்பன் பக்கத்தில் உட்கார்ந்து வருவான், டிரைவரை உட்காரவைத்து முதலாளி ஓட்டுகிறார் என்று சொந்தக்காரர்கள் கேலி பண்ணுவார்கள். ஸ்டியரிங்கில் ரெண்டு விரல்தான் வைப்பார். இரும்பு சொன்னபடி கேக்கோணும் சாந்தா, மல்லுக்கட்டக் கூடாது என்பார். அந்த ரெண்டு விரலையும்தான் இப்போது அவள் வெட்டப் போகிறாள் என்று தோன்றியது. உடனே இரட்டைச் சடை ஞாபகம் வந்தது. விரலா, சடையா? இதில் யோசிக்க என்ன இருக்கிறது? யோசிக்க ஒன்றும் இல்லாத விஷயத்தைத்தான் ஆடியிலிருந்து ஐப்பசிவரை யோசித்துக்கொண்டிருக்கிறாள். மணி மூணு இருபது. மாடியில் கட்டில் முனகியது. படிக்கட்டடியில் போய்க் காது கொடுத்தாள். புரண்டு படுத்திருக்கிறார்.

பச்சைக் கோடு முட்டியது. இம்தியாஸ் புதுச் சாவியை ஒரு கறுப்புப் பெட்டியில் வைத்து என்னமோ எழுதவைத்தான், பிறகு அவளைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினான். இரண்டு கட்டங்கள், எதிரே எண்கள். "இந்த ரெண்டுதானுங்க பழைய சாவி. அழிச்சரலாமுங்களா? ஓனர் வாயில இருந்து ஒருக்கா கேட்டுக்கோணும், அது எங்க பழக்கம்." ஓனர். ஓனர் மாடியில் மல்லாந்து படுத்திருக்கிறார். ஒரு கட்டம் பவானி ஆற்று மணலில் கிடக்கிறது, இன்னொரு கட்டம் சட்டைப் பையில் ஏறி இறங்குகிறது. எது எது என்று திரைக்குத் தெரியாது. ஒன்றே ஒன்றை மட்டும் விட்டுவைக்கச் சொல்லலாமா, ஆற்றில் கிடப்பதை வைத்துக்கொண்டு மற்றதை? இல்லை, மற்றதை வைத்துக்கொண்டு? என்ன உளறல் இது. கூப்பிட்டு எழுப்பிக் கேட்டுவிடலாம், இன்னும் நேரம் இருக்கிறது, பதினைந்து படிதான். புருவத்தில் தையல். தணலில் புகையும் வேட்டி. "அம்மா?" என்றான் இம்தியாஸ். "அழிச்சுருங்க," என்றாள். சத்தம் எதுவும் வரவில்லை. அடிவயிற்றில் ஏதோ அறுந்து விழும், இடி இடிக்கும் என்றெல்லாம் பயந்திருந்தாள், ரெண்டு கட்டமும் சாம்பல் நிறத்துக்கு மாறின, அவ்வளவுதான். அவன் புதுச் சாவியோடு உள்ளே உட்கார்ந்து பட்டனை அழுத்தினான். பத்து நாளாகக் கிடந்த இஞ்சின் ஒரு செருமலோடு எழுந்து, ரோடு வரைக்கும் கேட்கும்படி உறுமியது.

அலாரத்துக்கு எழுந்திருக்காத மனிதர் அதற்கு எழுந்துவிட்டார். மாடியில் கதவு, பிறகு செருப்பு, பிறகு படி. சாந்தாமணி எண்ணினாள், பதினைந்தும் கேட்டது. இஞ்சினை நிறுத்து தம்பி என்றாள், அவன் நிறுத்திவிட்டுச் சாவியை அவள் கையில் கொடுத்து இறங்கவும், கலைந்த முடியோடு குழந்தைவேலு போர்ட்டிகோவுக்கு வரவும் சரியாக இருந்தது. யாருங்க தம்பி, சர்வீஸா என்று மரியாதையாகக் கேட்டார். ஆமாங்கய்யா என்றான் அவன். "இஞ்சின் ஐட்லிங்கு ஒரு சொட்டு ஏறி இருக்குதே, சத்தத்தைக் கேட்டீங்களா?" என்று சொல்லிக்கொண்டே டிரைவர் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினார். கண்ணாடியைச் சரிபண்ணினார். பெல்ட்டை மாட்டினார். பட்டனை அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு தடவை அழுத்தினார். பையிலிருந்து சாவியை எடுத்துப் பார்த்து, ஸ்டியரிங் பக்கமாகக் காட்டி அழுத்தினார். அவர் முகத்தில் வந்ததை அவளால் பார்க்க முடியவில்லை. கோபமாக இருந்திருந்தால் பார்த்திருப்பாள். இதையும் நான்தான் மறந்துட்டனோ, எப்படி அழுத்தறதுன்னு மறந்துட்டனோ என்கிற திகைப்பு அது. அவர் தன்னையே சந்தேகப்பட்டார். "தம்பி, இது ஏன் எடுக்கலை?" என்று சாவியை நீட்டினார். இம்தியாஸ் அந்தச் சாவியைப் பார்த்தான், சந்தனத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "சாவிக்குள்ள பேட்டரி இறங்கியிருக்குமுங்கய்யா. நான் கொண்டுபோய் மாத்திட்டு வந்து…" என்றான். நல்ல பையன், அவளுக்காகப் பொய் சொல்கிறான், டயர் பஞ்சருக்கும் தலைசுற்றலுக்கும் பக்கத்தில் கச்சிதமாகப் போய் உட்காரும் பொய். தலையை ஆட்டினால் போதும். ஆனால் அவர் சாவியை நீட்டியபடியே, இன்னொரு கையால் அந்தப் பட்டனை மறுபடி மறுபடி அழுத்திக்கொண்டிருந்தார். "பேட்டரி இல்லீங்க," என்று அவள் குரல் கேட்டது. "நான்தான் அழிக்கச் சொன்னேன்."

"எதை?" என்றார். உங்க சாவியை என்றாள். இனி அது வேலை செய்யாதுங்க, நீங்க வண்டி ஓட்ட வேண்டாமுங்க. ஆரம்பித்துவிட்டால் நிற்க முடியவில்லை, இஸ்திரி வண்டி, தணல், தீப்பெட்டி, அவிநாசி ரோடு, பஸ்காரன் ஹாரன், எல்லாம் முன்னும் பின்னுமாகக் கொட்டியது, சாவிக்காரன் நிற்கிறானே என்ற வெட்கம்கூட இல்லை. இம்தியாஸ் வேன் பக்கமாக நகர்ந்து போய் வயரைச் சுற்ற ஆரம்பித்தான். குழந்தைவேலு கேட்டுக்கு வெளியே பார்த்தார். புது இஸ்திரி வண்டி சுவரோரம் நின்றது. "கொழந்தைக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றார். இல்லீங்க. "நானா இடிச்சேன்?" ஆமாங்க. பெல்ட்டைக் கழற்றினார். கதவைத் திறந்து இறங்கி நின்றார். இப்போது வீசுவார் என்று அவள் கண்ணை இறுக்கிக்கொண்டாள். ஒன்றும் வந்து விழவில்லை. கண்ணைத் திறந்தபோது அவர் சாவியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "நீ எங்கிட்டக் கேட்டிருக்கலாமே சாந்தா. கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனே." நிஜமாகவா? ஆடி மாசம் கேட்டிருந்தால் கொடுத்திருப்பாரா, பூஜையன்று கேட்டிருந்தால், ஒரு மணி நேரத்துக்கு முன்னால் எழுப்பிக் கேட்டிருந்தால்? இனி அது யாருக்கும் தெரியப் போவதில்லை. கையை நீட்டினாள். "இப்பக் கேக்கறனுங்க. குடுங்க." கொடுத்துவிட்டார். யோசிக்கக்கூட இல்லை. உள்ளங்கையில் வைத்தார், அவர் உடம்புச் சூடு அதில் இருந்தது. தம்பிக்குக் காபி குடுத்தியா என்று கேட்டுவிட்டு உள்ளே போனார்.

நான்கு மாதம். இதற்கா நான்கு மாதம்? ஆற்றுக்கு மூட்டை கட்டினாள், வாயாலேயே டயரைப் பஞ்சராக்கினாள், ஹேமாவோடு விடிய விடிய ஆலோசனை நடத்தினாள், தூங்குகிறவர் நெஞ்சருகே விரலை நீட்டினாள், கேட்பதைத் தவிர எல்லாம் செய்தாள். "அம்மா, அய்யா சாவிய வேணும்னா திருப்பிச் சேத்தரலாமுங்க, ரெண்டு நிமிசந்தான்," என்று இம்தியாஸ் மெதுவாகச் சொன்னான். வேண்டாம் தம்பி என்றாள். பொய் சொல்லிட்டேன், மனசுல வெச்சுக்காதே என்றாள். அதெல்லாம் ஒண்ணுமில்லீங்கம்மா என்றான், காபி வேண்டாம் என்றும் சொல்லிவிட்டு வேனை எடுத்தான். தூறல் ஆரம்பித்தது. கேட்டைச் சாத்திவிட்டு வந்து ரெண்டு சாவியையும் ரெண்டு கையில் வைத்துக்கொண்டு நின்றாள், எது உயிருள்ளது எது இல்லாதது என்று ஒரு கணம் குழம்பிப் போனது. அப்போதுதான் உள்ளேயிருந்து மேஜை இழுப்பறை இழுபடும் சத்தம் கேட்டது, ஒன்று, இன்னொன்று, அலமாரிக் கதவு. "சாந்தா! என் சாவியப் பாத்தியா?"

பழக்கத்தில் நாக்கு நுனிக்கு நாலு பொய் ஓடி வந்து வரிசையில் நின்றது. அவள் உள்ளே போனாள். அவர் சட்டைப் பையைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டு, வேட்டி மடிப்பை உதறிக்கொண்டு, பதறிப்போய் நின்றார். "எங்கிட்டத்தானுங்க இருக்குது," என்றாள். "நீங்கதான் குடுத்தீங்க." நானா என்றார். "நீங்களேதான். இனி மாரப்பன் ஓட்டட்டும்னு கேட்டேன், குடுத்தீங்க." அவர் தேடிப் பார்த்தார், அறையில் அல்ல, தலைக்குள்ளே. கண் அங்கும் இங்கும் போய் வந்தது. போர்ட்டிகோவும் இல்லை, சாம்பல் கட்டமும் இல்லை, அழிக்கச் சொன்னேன் என்று அவள் சொன்னதும் இல்லை, எல்லாம் போய்விட்டிருந்தது. "கேட்டதும் குடுத்தனா?" என்றார். கேட்டதும் குடுத்தீங்க என்றாள். அவர் முகம் மெல்லத் தெளிந்தது. சேரை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவளையும் பக்கத்தில் உட்காரச் சொல்லிக் கையைத் தட்டிக் காட்டினார்.

"நல்ல வேளை, நீ எங்கிட்டக் கேட்டே சாந்தா," என்றார். "கேக்காம எடுத்திருந்தீன்னா எனக்கு மனசு விட்டுப் போயிருக்கும்."

"ஆமாங்க," என்றாள் சாந்தாமணி.